நினைவில்லாத ஹைரூல்: ‘செல்டா’ தொடரின் அடுத்த படி குறித்து

‘த லெஜண்ட் ஆஃப் செல்டா’ தொடர் ஆய்வாளருக்கு ஓர் அரிய வாய்ப்பைத் தருகிறது. 1986 பிப்ரவரியில் ஜப்பானில், நின்டெண்டோ நிறுவனத்தின் ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டத்தில் வெளிவந்த முதல் ஆட்டம் தொடங்கி, லிங்க் என்னும் வீரன், செல்டா என்னும் இளவரசி, கேனன் என்னும் பகைவன், பெரும்பாலும் ஹைரூல் என்னும் நாடு என்று ஏறத்தாழ ஒரே கதை மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டுவருகிறது. கதை அதிகம் மாறாததால், சொல்லும் முறையில் நேரும் மாற்றம் துலக்கமாகத் தெரிகிறது. அந்த மாற்றங்களுள் மிகப் பெரியது 2017இல் ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’ ஆட்டத்தில் நிகழ்ந்தது. ஆட்டக்காரருக்கு இடம் சார்ந்த விடுதலையை அது முழுமையாகக் கொடுத்தது. விலையாகக் காலத்தை இழந்தது என்பது என் வாதம். யார் எங்கு வேண்டுமானாலும் போகலாம். ஆனால் அவர் போனதையும் செய்ததையும் அறிந்ததையும் அந்த உலகம் அறிந்துகொள்வதில்லை. இன்னும் விரிந்த நிலப்படத்தாலோ இன்னும் வலிய கருவிகளாலோ இந்தக் குறை தீராது. தொடர் அடுத்து அடைய வேண்டியது நினைவுள்ள உலகம்.

முதல் ஆட்டத்தை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோ, கியோட்டோ அருகே சொனோபேயில் சிறுவனாகக் குன்றுகளிலும் குகைகளிலும் அலைந்த அனுபவமே அதன் ஊற்று என்று பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த ஆட்டம் விளக்கம் ஏதுமின்றி ஒருவரை வெட்டவெளியில் நிறுத்தியது. 1991இல் வந்த ‘எ லிங்க் டு த பாஸ்ட்’ அந்த அலைதலுக்கு ஓர் இலக்கணம் வகுத்தது. ஒவ்வொரு நிலவறையிலும் ஒரு கருவி கிடைக்கும். அந்தக் கருவி அதுவரை அடைபட்டிருந்த ஒரு வழியைத் திறக்கும். இது வெறும் பூட்டு சாவி ஏற்பாடு என்று இன்று பலர் எளிதாக ஒதுக்கிவிடுகிறார்கள். அது நியாயமன்று. கையில் புதிய கருவி வந்ததும், பார்த்துப் பழகிய நிலம் வேறாகப் படிக்கப்படுகிறது. முன்பு வெறும் விரிசலாகத் தெரிந்த பாறை இப்போது வாசலாகிறது. அதைவிட முக்கியமாக, ஆட்டக்காரர் எதை அறிந்தவர், எதை இன்னும் அறியாதவர் என்பது வடிவமைப்பாளருக்கு எப்போதும் தெரிந்திருந்தது.

அந்த உறுதியின் பலனை 1998இன் ‘ஆக்கரினா ஆஃப் டைம்’ முழுதாக எடுத்துக்கொண்டது. சிறுவன் லிங்க் வாளை உருவுகிறான். ஏழாண்டு உறக்கத்திலிருந்து எழுகிறான். ஆட்டமும் பாட்டுமாக இருந்த கோட்டைச் சந்தை பாழடைந்து நடைபிணங்களின் இடமாகிக் கிடக்கிறது. ஆட்டக்காரர் அந்தச் சந்தையை முன்பு கண்டிருப்பார் என்பது உறுதி. அதனால்தான் அந்த அதிர்ச்சியும் உறுதி. 2011இன் ‘ஸ்கைவர்ட் சோர்ட்’ வருவதற்குள் இதே ஒழுங்கு விலங்காக இறுகிவிட்டது. கண்ணெதிரே தெரிவதைக்கூடத் துணைப் பாத்திரமான ஃபை குறுக்கிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. 2013இன் ‘எ லிங்க் பிட்வீன் வேர்ல்ட்ஸ்’ கருவிகளை வாடகைக்கு விட்டு, நிலவறைகளின் வரிசையைப் பெருமளவு ஆட்டக்காரர் கையில் ஒப்படைத்தது. விலங்கு முதலில் தளர்ந்தது அங்கேதான்.

2017 ஆட்டத்தில் அது முற்றாக அறுந்தது. தொடக்கத்திலுள்ள ஒரு பீடபூமியிலேயே முக்கியமான ஆற்றல்கள் எல்லாம் கைக்கு வந்துவிடுகின்றன. அங்கிருந்து இறங்கியவர் விரும்பினால் நேரே இறுதிப் பகைவனிடமே போகலாம். இயக்குநர் ஹிதேமாரோ ஃபுஜிபயாஷியும், தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பேற்ற தகுஹிரோ டோத்தாவும் 2017இல் அமெரிக்காவில் நடந்த ஆட்ட உருவாக்குநர் மாநாட்டில் இதன் அடித்தளத்தை விளக்கினார்கள். உலகிலுள்ளவை பொருள்கள், பூதங்கள் என இரண்டாகப் பிரிக்கப்பட்டன. தீ, நீர், மின்சாரம், காற்று முதலிய பூதங்கள் பொருளின் நிலையை மாற்றும். ஒரு பூதம் இன்னொரு பூதத்தின் நிலையையும் மாற்றும். ஒரு பொருள் இன்னொரு பொருளை அவ்வாறு மாற்றாது. இந்த மூன்று விதிகளிலிருந்து கணக்கற்ற நிகழ்வுகள் பிறக்கின்றன. காய்ந்த புல்லில் தீ வைத்தால் வெப்பக் காற்று மேலெழும். அதில் பாராகிளைடரை விரித்து மேலே போகலாம். இடி மின்னலின்போது இரும்பு வாள் ஏந்தியவன் எரிந்துபோவான். அதே வாளைப் பகைவனின் காலடியில் எறிந்தால் மின்னல் அவனைத் தாக்கும். இவற்றை யாரும் தனித்தனிக் காட்சிகளாக எழுதிவைக்கவில்லை. வீடியோ கேம் வடிவமைப்பில் கடந்த கால் நூற்றாண்டின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு இதுவே என்பது என் மதிப்பீடு. (ஆயுதங்கள் உடைந்துபோகின்றன என்ற ஓயாத புகாரை நான் ஏற்கவில்லை. உடையாத வாள் கையிலிருந்தால் ஒருவர் புல்லையும் மின்னலையும் திரும்பிப் பார்க்கவே மாட்டார்.)

வரிசை போய்விட்ட உலகில் கதையை எப்படிச் சொல்வது? 2017 ஆட்டம் கண்ட விடை கூர்மையானது. லிங்க் நூறாண்டு உறங்கி நினைவிழந்து எழுகிறான். கதை நூறாண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. அவன் பொறுக்கியெடுப்பது சிதறிய நினைவுகளைத்தான். எந்தத் துண்டு முதலில் கிடைத்தாலும் கேடில்லை. கதை முடிந்துபோனது என்பதே அந்த விடையைத் தாங்கி நிறுத்தியது.

2023இன் ‘டியர்ஸ் ஆஃப் த கிங்டம்’ அதே விடையை, கதை முடிந்திராத இடத்தில் பொருத்தியது. என் குறை இங்கேதான் கூர்மையடைகிறது. இம்முறை செல்டாவைக் காணவில்லை. நாடே அவளைத் தேடுகிறது. அவளுக்கு என்ன நேர்ந்தது என்பது நிலத்தில் வரையப்பட்ட மாபெரும் ஓவியங்களுக்குள் கிடக்கும் ‘கண்ணீர்த் துளி’ நினைவுகளில் அடங்கியிருக்கிறது. அவற்றை எந்த வரிசையிலும் காணலாம். சரியான வரிசையைச் சுட்டும் குறிப்பு ஆட்டத்துக்குள் உண்டு. அது கண்ணில் படாமலேயே கடந்துபோகவும் முடியும். பழங்காலத்துக்குத் தூக்கி எறியப்பட்ட செல்டா, தன்னையே இழந்து ஒளி நாகமாகி, இதே வானில் யுகங்களாகப் பறந்துகொண்டிருக்கிறாள் என்ற உண்மையைத் தொடக்கத்திலேயே ஒருவர் அறிந்துவிடக்கூடும். அதன் பிறகு அவர் ரீட்டோ கிராமத்துக்கோ கோரன் நகரத்துக்கோ போனால், இளவரசியைப் பார்த்ததாகச் சொல்லும் மக்களின் பேச்சில் மாற்றமில்லை. ஆட்டக்காரருக்குப் பொய் என்று தெரிந்த இளவரசி வடிவத்தையே லிங்க் வாய் திறவாமல் துரத்துகிறான். தொடரின் வரலாற்றிலேயே மிக உருக்கமான அந்த உண்மை, அதை அறிந்தவரின் உலகில் ஏறக்குறைய எதையும் அசைப்பதில்லை.

இன்னொரு அறிகுறியும் உண்டு. அதே ஆட்டத்தின் கதை நகரும் நான்கு முக்கியப் பகுதிகளிலும் கோயிலை வென்றபின் அந்தந்த இனத்தின் பழங்கால ஞானி தோன்றிப் பழம்போரின் வரலாற்றைச் சொல்கிறார். நான்கு முறையும் ஏறத்தாழ ஒரே உரை, ஒரே காட்சி. எந்தக் கோயில் முதலாவது என்று வடிவமைப்பாளரால் அறிய முடியாது. ஆகவே ஒவ்வொன்றையும் முதலாவதாகவே எழுத வேண்டியிருக்கிறது. இதைச் சோம்பல் என்று பழிப்பவர்களோடு நான் உடன்படவில்லை. நினைவில்லாத உலகில் எழுத்தாளருக்கு வேறு வழி இல்லை.

உள்ளூர் அளவில் மாற்றங்கள் நேர்வதை மறைக்கக் கூடாது. ரீட்டோ கிராமத்தின் பனிப்புயல் ஓய்கிறது. ஜோரா இனத்தாரின் நீர் தெளிகிறது. அந்த மாற்றம் மலையைத் தாண்டுவதில்லை என்பதே சிக்கல். இத்தனைக்கும் 2023 ஆட்டத்தில் ஒரு செய்தித்தாள் அலுவலகம் இருக்கிறது. ‘லக்கி க்ளோவர் கெஸட்’ என்ற அந்தத் தாளுக்காகப் பென் என்னும் நிருபரோடு குதிரை லாயம் லாயமாகச் சென்று லிங்க் செய்தி திரட்டுகிறான். செய்தி திரட்டும் தொழில் உள்ள நாட்டில் செய்தி பரவுவதில்லை!

இனி, தொடர் தன்னிடமே வைத்திருக்கும் விதைகள். 2017 ஆட்டத்தின் டாரி டவுன் கிளைக்கதையைத்தான் முதலில் சொல்வேன். ஹட்சன் என்ற தச்சன் ஒரு வெற்று மேட்டில் தனியே வீடு கட்டத் தொடங்குகிறான். ஆட்டக்காரர் மரக்கட்டைகள் கொண்டுவந்து தர வேண்டும். நாடெங்கும் சென்று கோரன், ரீட்டோ, கெருடோ, ஜோரா என ஒவ்வோர் இனத்திலிருந்தும் குடியேற ஆள் அழைத்துவர வேண்டும். ஒவ்வொருவர் வந்து சேரும்போதும் ஊரின் பின்னணி இசையில் அவரது இனத்தின் சாயல் ஒன்று கூடுகிறது. முடிவில் ஹட்சனுக்கும் கெருடோ இனத்து ரோண்ட்சனுக்கும் திருமணம். 2023 ஆட்டத்தில் அவர்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். தாயின் இன வழக்கப்படி அவள் ஊரைப் பிரிந்து செல்லும் நாளும் வருகிறது. உலகைக் காப்பாற்றும் பெருங்கதையைவிட இந்தச் சிற்றூர் மனத்தில் தங்குவதற்குக் காரணம், அங்கே நாம் செய்தது அங்கேயே இருக்கிறது என்பதுதான்.

மற்றொரு விதை பழையது. பல வகையில் துணிச்சலானதும்கூட. எய்ஜி அவோனுமாவும் யோஷியாகி கொய்சுமியும் முன்னின்று உருவாக்கிய ‘மஜோராஸ் மாஸ்க்’ 2000 ஏப்ரலில் வந்தது. முந்தைய ஆட்டமான ‘ஆக்கரினா ஆஃப் டைம்’ வெளியானது 1998 நவம்பரில். அந்தக் குறுகிய இடைவெளியில், பழைய ஆட்டத்தின் உருவங்களையே பெருமளவு எடுத்தாண்டு, மூன்று நாள் மட்டுமே நீளும் ஓர் உலகைப் படைத்தார்கள். அந்த உலகின் மைய ஊரான க்ளாக் டவுனில் ஒவ்வொருவருக்கும் நேர அட்டவணை உண்டு. விடுதி நடத்தும் ஆஞ்சுவின் மணமகன் கஃபேய் காணாமல் போயிருக்கிறான்; சிறுவனாக உருமாற்றப்பட்டு, ஒளிந்திருக்கிறான். இருவரையும் சேர்த்துவைக்க, கடிதம் எழுத வேண்டிய இரவில் எழுதச் செய்து, தபால்காரர் வரும் பொழுதில் காத்திருந்து, கொடுத்த வாக்கைக் குறித்த நேரத்தில் காக்க வேண்டும். நிலவு விழுந்து உலகம் அழியப்போகும் கடைசித் தருணத்தில் அவர்கள் சந்திக்கிறார்கள். பிறகு உலகைக் காக்க ஆட்டக்காரர் காலத்தைத் திருப்புகிறார்; அவர்கள் அனைத்தையும் மறந்துவிடுகிறார்கள். இங்கும் உலகம் மறக்கிறது. ஆனால் அந்த மறதி விதியாக வகுக்கப்பட்டது. அதன் வலியைச் சுமப்பதே ஆட்டத்தின் பொருள். 2023இன் மறதியை யாரும் அப்படி வகுக்கவில்லை.

என் முன்மொழிவு இதுதான். 2017இல் தீக்கும் மின்சாரத்துக்கும் வகுத்த விதிகளைப் போலச் செய்திக்கும் வகுக்க வேண்டும். செய்தி ஒரு பூதம். மனிதர்கள் அது பற்றும் பொருள்கள். கண்டவரிடம் அது பிறக்கும். வணிகர்களும் லாயங்களும் வழியாகப் பரவும். மழைக்காலத்தில் மலைக்கு அப்பால் தாமதமாகச் சேரும். ஒரு செய்தி இன்னொன்றோடு மோதி வதந்தியாகத் திரியும். கேட்டவரின் நிலை மாறும்: அஞ்சியவர் கடை திறப்பார், காத்திருந்தவள் பயணம் கிளம்புவாள், காவலர் வாயிலைச் சாத்துவார். இங்கே லிங்கின் மௌனமும் பொருள் பெறும். அவன் வசனம் பேச வேண்டியதில்லை. தான் அறிந்ததை யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது என்பது ஆட்டக்காரரின் கையில் ஓர் ஆற்றலாக இருந்தால் போதும். ஒளி நாகத்தைப் பற்றிய உண்மையைச் செல்டாவின் நெடுநாள் துணையான இம்பாவிடம் முதலில் சொல்வதா, ரீட்டோக்களிடம் சொல்வதா என்ற கேள்வி, 2023 ஆட்டத்தில் பறக்கும் பொறி கட்டுவதற்கு இணையான ஆட்டமாகும். 2024இன் ‘எக்கோஸ் ஆஃப் விஸ்டம்’ செல்டாவையே நாயகியாக்கியது. அவள் கையில் பொருள்களைப் படியெடுக்கும் கோலைக் கொடுத்தது. அந்த ஆட்டத்தை நான் விரும்புகிறேன். ஆயினும் ஆளப் பிறந்த ஒருத்தி எதை யாருக்கு அறிவிக்கிறாள் என்பதைவிடப் பொருத்தமான ஆற்றல் அவளுக்கு வேறென்ன இருக்க முடியும்?

தொடரின் அடுத்த படி குறித்து வேறொரு கோரிக்கையும் உண்டு: பழைய பாணிப் பெரிய நிலவறைகள் திரும்ப வேண்டும் என்று பல ரசிகர்கள் கேட்கிறார்கள். அது நியாயமானது; தீர்வும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. 2017 ஆட்டத்தின் ஹைரூல் கோட்டை எந்தப் பக்கத்திலிருந்தும் எப்போதும் நுழையக்கூடிய நிலவறைதான். அதைப் போல் இன்னும் சிலவற்றைக் கட்டினால் போதும்.

என் முன்மொழிவுக்கு எதிராக எழக்கூடிய வலுவான மறுப்பு செலவைப் பற்றியது. ஒவ்வொருவரும் எதை அறிவார் என்பதற்கேற்ப உரையாடல் எழுதினால் அது பெருகிக்கொண்டே போகும். இந்த மறுப்பை முழுதாக ஏற்கிறேன். அதனாலேயே உலகம் சுருங்க வேண்டும் என்கிறேன். 2017 ஆட்டத்தில் 120 சிறுகோயில்களும், ஒளிந்திருக்கும் கொரோக் என்னும் சிற்றுயிர்கள் 900உம் இருந்தன. 2023இல் அவை 152ஆகவும் 1000ஆகவும் உயர்ந்தன, வானும் பாதாளமும் கூடின, ஆறாண்டுகள் சென்றன. இந்தப் பெருக்கத்தில் பாதியைக் கைவிட்டாலும் பயணத்தின் சுவை குன்றாது. நான்கு ஊர்களும் இரண்டு பள்ளத்தாக்குகளும் உள்ள ஹைரூலில் நூறு பேர் நினைவோடு வாழ முடியும்.

விடுதலையை விரும்புபவர்களுக்கு விளைவுகள் சுமையாகும் என்ற மற்றொரு மறுப்பை நான் ஏற்கவில்லை. தீ வைத்த புல் எரிந்துபோவதை யாரும் தம் விடுதலைக்குத் தடையாக எண்ணியதில்லை.

இதைச் சோதிக்கவும் தொடரிடமே ஒரு வழி இருக்கிறது. 2017 ஆட்டத்தை முப்பரிமாணத்தில் கட்டுவதற்கு முன், முதல் ஆட்டத்தைப் போன்ற தட்டையான ஒரு மாதிரியை உருவாக்கி, அதில் தீயும் மரமும் நீரும் விதிப்படி இயங்குகின்றனவா என்று பார்த்தார்கள். அதே மாதிரி மறுபடியும் போதும்: ஓர் ஊர், பத்து பேர், ஆற்றங்கரையில் ஒரு கொள்ளை. அதை நேரில் கண்டு ஊருக்குள் ஓடிவருபவருக்கும், மூன்று நாள் கழித்து ஏதுமறியாமல் வந்து சேர்பவருக்கும் அந்தப் பத்து பேரும் எழுதிவைத்த காட்சி ஏதுமின்றி வேறு வேறாக நடந்துகொண்டால், விதிகள் சரியாக வகுக்கப்பட்டுள்ளன என்று பொருள்.