தோட்டக் கூலியும் வெப்பமும்: தெல்லிப்பழையில் ஓய்வு யாருடைய செலவு?

வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் வெப்பச் சுட்டெண், நிழலில் மெல்ல நடக்கும் ஒருவரை மனத்தில் வைத்து ஆக்கப்பட்ட கணிப்பு. நேர் வெயில் அதனை எட்டுப் பாகை செல்சியஸ் வரை கூட்டக்கூடும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் தெல்லிப்பழையில் வெங்காயத் தறைக்குள் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கும் பெண்ணுக்கு மேலே சூரியன், கீழே சூடேறிய செம்மண். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகற் சூரியன் குடாநாட்டுக்கு நேர் உச்சியில் நிற்கும்; தென்மேற்குக் காற்றான சோளகம் இன்னும் எழும்பியிராது. காற்று அசையாவிட்டால் வியர்வை உலராது. உலராமல் வழிந்து போகும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை.

வேலையும் தன் பங்குக்குச் சூடு தருகிறது. தசை செலவிடும் சக்தியில் முக்காற்பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளிப்படுகிறது. அதனாற்றான் ஐ.எஸ்.ஓ. 7243 நியமம் ஈரப்பதன், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்தளக்கும் ஈரக்குமிழ்–கோள வெப்பநிலையை எடுத்து, வேலையின் கடுமைக்கேற்ப எல்லையைத் தாழ்த்துகிறது: வெப்பத்துக்குப் பழகியவருக்கு நடுத்தர வேலையில் 28 பாகை, மண்வெட்டி பிடிப்பது போன்ற கடும் வேலையில் 26.

நிறையத் தண்ணீர் குடியுங்கள், நிழலில் இளைப்பாறுங்கள் என்ற அறிவுரையில் பிழையில்லை. ஆனால் அது கூலியாளரை நோக்கியே சொல்லப்படுகிறது. இத்தனை பரப்புக் கொத்தினால் இத்தனை ரூபா என்று கொந்தராத்துப் பேசி இறங்கியவருக்கு இளைப்பாறும் ஒவ்வொரு நிமிடமும் கைக்காசு. கலிபோர்னிய விவசாயத் தொழிலாளர் குறித்து 2017இல் வெளியான ஆய்வு, செய்த அளவுக்குக் கூலி பெறுவோரிடையே ஒரு நாள் வேலைக்குள்ளேயே சிறுநீரகம் பாதிப்புறும் வாய்ப்பு பன்மடங்கு கூடியிருப்பதைக் கண்டது. எனவே ஓய்வை மருத்துவ அறிவுரையாக அல்ல, கூலியின் பகுதியாகவே வரையறுக்க வேண்டும் என்பது என் வாதம். ஓய்வு கேட்கத் தயங்குவதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. நிலமற்ற கூலியாளரிற் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். காணிக்காரருக்கு முன்னால் வேலையை நிறுத்தி நிற்பது அவர்களுடைய பெற்றோர் காலத்தில் எளிதான காரியமாக இருக்கவில்லை.

தண்ணீரும் நிழலும்கூட இங்கு தாமாகக் கிடைப்பவை அல்ல. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2014–15இல் தெல்லிப்பழைப் பக்கத்தையும் கலக்கியது. சுண்ணக்கல்லினூடே இறங்கும் உர நைத்திரேற்று அதற்கு முன்பிருந்தே உள்ள பிரச்சினை. தோட்டக் கிணற்றில் மொண்டு குடிக்கச் சொல்லிவிட்டு ஒதுங்க முடியாது. நல்ல குடிதண்ணீர் கொண்டுவந்து வைப்பது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. போரினால் நேர்ந்த 1990 இடப்பெயர்வுக்குப் பின் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்து மீண்ட காணிகளிலோ வேலி, மரம், கொட்டில் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

சட்டம் பெரிதாக உதவாது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைகளுக்கானது. வெங்காயத் தறை அதற்குள் அடங்காது. கூலி கொடுப்பவரும் பெரும்பாலும் சில பரப்புச் செய்யும் சிறு தோட்டக்காரர். விலை விழுந்தால் அவர் கையிலும் மிஞ்சாது. தனியொருவர் சம்பளத்தோடு ஓய்வு கொடுத்தால் அவருக்கே நட்டம். ஊரே ஒரு நேர ஒழுங்கை ஏற்றால் செலவு எல்லோருக்கும் பொது. அதற்கு இருக்கும் அமைப்பே போதும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் இயங்கும் கமக்கார அமைப்புகள், சித்திரை வைகாசியில் நாட்கூலி குறையாமல் காலை ஆறு தொடக்கம் பத்தரை, பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு என்று தீர்மானிக்கலாம். துலா மிதித்த காலத்தில் விடியப்புறம் இறைப்புத் தொடங்கிய ஊருக்கு இது புதிய பழக்கமல்ல. கொந்தராத்துப் பேச்சிலும் இளைப்பாறும் நேரத்தைக் கணக்கிட்டே பரப்புக்கான தொகையை நிர்ணயிக்க வேண்டும்.

புதிதாக இறங்குபவருக்குத் தனி ஒழுங்கு வேண்டும். உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு கிழமை செல்லும். முதல் நாளில் வழமையான வேலை நேரத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெயிலில் விடக்கூடாது. வேலைக்கு நடுவே ஒருவர் குளறிப் பேசினாலோ தடுமாறினாலோ வாகனம் தேடி ஓடுவதற்கு முன் அவரை நிழலுக்குத் தூக்கி, தலை தொடக்கம் கால்வரை கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது அதற்குப் பிறகு.