ஒரு புள்ளியின் கணக்கு: நம் நிறுவனர் வள்ளல் அழகப்பர்

ஏ.சி.சி.இ.டி. என்று சுருக்கிச் சொல்லியே நமக்கெல்லாம் பழகிவிட்டது. அந்த 'ஏ.சி.'க்குள் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதே சில சமயம் மறந்துபோகிறது. நிறுவனர் நாளில் சிலைக்கு மாலை போட்டு, 'வள்ளல்' என்று நாலு தடவை மேடையில் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். அவர் எப்படிப்பட்ட காலத்தில் கொடுத்தார், ஏன் கொடுத்தார் என்பதைப் பழைய மாணவர்களும், இப்போது வகுப்பறையில் இருக்கும் தம்பி தங்கைகளும் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தில் 'புள்ளி' என்று ஒரு கணக்கு உண்டு. திருமணமான ஒவ்வொரு குடும்பமும் கோவில் கணக்கில் ஒரு புள்ளி. கல்யாணம் ஆனவுடனே மகனையும் மருமகளையும் அதே வீட்டுக்குள் 'வேறு வைத்து' விடுவார்கள். தனி அடுப்பு, தனி வரவு செலவு. அன்று முதல் கோவிலுக்குப் புள்ளி வரியும் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. வியாபாரத்தில் வரும் லாபத்தில் ஒரு பகுதியை 'மகமை' என்று தருமத்துக்கு ஒதுக்குவதும் வழக்கம். ஆக, குடும்பஸ்தன் ஆவதும் ஊருக்குக் கடமைப்பட்டவன் ஆவதும் அங்கே ஒன்றாகவே நடந்தன. அழகப்பர் வளர்ந்தது இந்த மண்ணில்தான்.

1909-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி, காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்தார். அந்த நாளில் செட்டிநாட்டுப் பையன் என்றால் கணக்கு எழுதக் கற்றுக்கொண்டு, பெட்டியடியில் பழகி, பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கொண்டுவிக்கப் போய்விடுவான். இவர் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்து எம்.ஏ. முடித்தார். லண்டன் போய் பாரிஸ்டர் ஆனார். விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். திரும்பி வந்து தொழிலில் இறங்கினார். மலேயாவில் ரப்பர், பர்மாவில் வெள்ளீயம், திருச்சூர் பக்கம் துணி ஆலை, கடைசியில் சொந்தமாக ஒரு விமானக் கம்பெனிகூட! அந்தத் துணி ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர் இன்றைக்கும் கேரளத்தில் அழகப்பநகர் என்ற பெயரில்தான் இருக்கிறது.

சம்பாதித்தவர்கள் அந்தக் காலத்தில் நிறைய பேர் இருந்தார்கள். அவர்கள் தருமமும் செய்தார்கள்: கோவில் திருப்பணி, சத்திரம், ஊருணி, வேத பாடசாலை. அழகப்பர் அந்த மகமைப் பணத்தின் பாதையைக் கல்வியின் பக்கம் திருப்பினார். 1944-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் கொடுத்த ஐந்து லட்சம் ரூபாயில்தான் கிண்டியில் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. 1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசன்ட் நினைவுக் கூட்டம் ஒன்று நடந்தது. துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், வசதி படைத்தவர்கள் கல்லூரிகள் தொடங்க முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அழகப்பர் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் ஒரு கல்லூரி தொடங்குகிறேன் என்று அறிவித்துவிட்டார். சொல்லிச் சில வாரம்தான், ஆகஸ்ட் 11-ஆம் தேதி காந்தி மாளிகையில் வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. நாடு விடுதலை அடைய இன்னும் நாலு நாள் இருந்தது!

இன்று ஒரு கல்லூரிக்கு அனுமதி வாங்கவே எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அதாவது நம்ம 'செக்ரி'. பெரிய நகரங்களுக்குப் போக வேண்டிய தேசிய ஆய்வுக்கூடம் இந்த வறண்ட சீமைக்கு வந்ததற்குக் காரணம், அழகப்பர் கொடுத்த 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும்தான். 1948 ஜூலை 25 அன்று பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் சமயத்தில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். பிறகு வரிசையாக 1950-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952-இல் நம் பொறியியல் கல்லூரி, அதன்பின் பாலிடெக்னிக், உடற்கல்விக் கல்லூரி. பெண்கள் படிப்பதற்காகத் தான் வாழ்ந்த வீட்டையே கொடுத்தார்.

ஒரு பொறியாளனாக இந்த வரிசையைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். கேட்டவருக்கெல்லாம் கேட்டதைக் கொடுத்த கதை இல்லை இது, திட்டம் போட்டுக் கட்டிய வேலை. கலைக் கல்லூரி வேண்டும், பாடம் சொல்ல ஆசிரியர் வேண்டும், தொழில் தெரிந்த கை வேண்டும், ஆராய்ச்சிக்கு ஓர் இடம் வேண்டும். எல்லாம் ஒரே ஊரில், சுமார் பத்தே வருஷத்தில்!

காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததும் செட்டிநாட்டுக் குடும்பங்கள் பல, போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் திரும்பின. 1948-க்குப் பிறகு பர்மா அரசு நிலங்களைத் தேசியமயமாக்கியது. தலைமுறை தலைமுறையாகத் திறந்திருந்த கதவு மூடிக்கொண்டது. இனிமேல் கொண்டுவிக்கப் போக இடமில்லை என்ற நேரத்தில், படிப்பு என்ற வேறொரு கதவை உள்ளூரிலேயே அவர் திறந்து வைத்தார். அதுவும் தம் சமூகத்துக்கு மட்டும் திறக்கவில்லை. சுற்று வட்டாரத்து விவசாயி பிள்ளை, நெசவாளி பிள்ளை, வாத்தியார் பிள்ளை எல்லோரும் அதே வாசல் வழியாகத்தான் உள்ளே போனோம்.

ஆங்கில அரசு கொடுத்த 'சர்' பட்டத்தை விடுதலைக்குப் பின் துறந்தார். 1956-இல் பத்மபூஷண் வந்தது. கடைசி வருஷங்களில் உடல்நலம் மிகவும் குன்றியிருந்தும் கொடுப்பதை நிறுத்தவில்லை. 1957 ஏப்ரல் 5-ஆம் தேதி காலமானார். மறுநாள் அவருக்கு 48 வயது முடிந்திருக்கும். அவர் போட்ட அடித்தளத்தின் மேல்தான் 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகம் எழுந்தது.

நம்மில் பலர் வீட்டில் நாம்தான் முதல் பட்டதாரி. இன்று நல்ல வேலையில் இருக்கிறோம், வீடு கட்டியிருக்கிறோம், பிள்ளைகளை நல்ல பள்ளியில் சேர்த்திருக்கிறோம். குடும்பத்தை நல்லபடி பார்த்துக்கொள்வது பெரிய காரியம்தான். ஆனால் அழகப்பர் ஊர்க் கணக்குப்படி, குடும்பம் ஆனவுடனே ஒரு புள்ளி வரியும் சேர்ந்து வருகிறது. லட்சங்கள் வேண்டாம். ஹாஸ்டல் பீஸ் கட்ட முடியாமல் தவிக்கும் ஒரு மாணவன், இன்டர்வியூ என்றாலே நடுங்கும் ஒரு கிராமத்துப் பெண், இவர்களில் யாராவது ஒருவருக்கு நாம் ஒவ்வொருவரும் பொறுப்பேற்றுக்கொண்டால் போதும்.

இந்தச் சந்திப்பு முடிந்து ஊர் திரும்புமுன், அவரவர் புள்ளியை எழுதிவிட்டுப் போவோம்.