தேய்மானம் பிறந்த கதை

அம்மாவுக்கு முழங்கால் வலி. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "மூட்டுத் தேய்மானம்" என்றார். அம்மா உடனே கேட்டாள்: "எதோட உரசித் தேஞ்சுது, டாக்டர்?"

டாக்டர் படத்தைத் திருப்பி, தொடையெலும்பும் கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில் விரல் வைத்தார். நடுவில் இருந்த குருத்தெலும்பு மெலிந்துவிட்டது, இனி எலும்போடு எலும்புதான் உரசும் என்றார். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. வீடு வந்து சேர்ந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அது மிகச் சரியான கேள்வி. நிலவை விட்டால், தமிழில் எதுவும் சும்மா தேய்வதில்லை. ஒன்று தேய்கிறது என்றால், அதைத் தேய்க்கிற இன்னொன்று எதிரே இருந்தாக வேண்டும். தேய்ந்தது, தேய்த்தது என்று சொல்லிப் பாருங்கள். தன்வினைக்கும் பிறவினைக்கும் நடுவே ஓர் எழுத்துதான் வேறுபாடு. தலைக்கு எண்ணெய் தேய்க்கிறோம், பாத்திரம் தேய்க்கிறோம், சட்டையைத் தேய்த்து மடிக்கிறோம். கன்னடத்தில் கல்லில் சந்தனம் இழைப்பதற்கு இதே வேரிலிருந்து 'தேயு' என்கிறார்கள். மலையாளத்திலும் முட்டு வலிக்காரர்களுக்குத் 'தேய்மானம்'தான். இந்தச் சொல் பிறந்த இடம் கையும் கல்லும் என்பது இவற்றிலிருந்தே தெரிகிறது.

கல் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது அம்மி. மிளகாயும் தேங்காயும் தினம் அரைபட அரைபட, அம்மியின் சொரசொரப்பு மெல்ல மறையும். குழவி வழுக்கத் தொடங்கும். எவ்வளவு இழுத்தாலும் துவையல் திப்பித் திப்பியாகவே நிற்கும். அப்போதுதான் தெருவில் "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்ற குரலுக்குக் காது காத்திருக்கும். உளியும் சுத்தியலுமாக ஒருவர் வாசலில் உட்கார்ந்து, கல்லின் முகம் முழுக்கச் சின்னச் சின்னப் பள்ளங்கள் கொத்துவார். சில்லு தெறிக்கும் என்று எங்களைத் தள்ளி நிற்கச் சொல்வார்கள். கொத்தி முடித்ததும் கொஞ்சம் தவிடோ அரிசியோ அரைத்துக் கொட்டிவிட்டுத்தான் சமையலுக்கு எடுப்பார்கள், கல்மாவு போகவேண்டும் என்று. தேய்ந்ததை மறுபடி சொரசொரப்பாக்கத் தனியே ஒரு தொழிலே இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு கொத்தலுக்கும் கல் சற்றுக் குறையும். வருஷக்கணக்கில் நடுவில் குழி விழும். அந்தக் குழியில் இருந்த கல்லில் ஒரு பங்கு அந்த வீட்டுக் குழம்பில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அம்மியை அடுத்து இந்தச் சொல்லை வளர்த்தவர்கள் பொற்கொல்லர்கள் என்று சொல்வேன். தங்கத்தை உரைகல்லில் உரசி மாற்றுப் பார்ப்பார்கள். தேய்ந்து விழும் கீற்றுதான் சாட்சி. நகை செய்யும்போது அரம் போடுகையில் உதிரும் தூள், நெருப்பிலும் மெருகிலும் போவது எல்லாம் சேர்ந்து சேதாரம். 8 கிராம் சவரனுக்கு 10 சதவீதம் என்றால் 0.8 கிராமின் விலையை நாம் கொடுக்கிறோம். பட்டறை மண்ணைக்கூட வீசுவதில்லை. அதை வாங்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் அரித்துப் பொன் எடுப்பவர்கள் உண்டு. வள்ளுவருக்கும் இந்தப் பட்டறை தெரிந்திருக்கிறது. உட்பகை புகுந்த குடும்பம் எப்படிக் குறையும் என்பதற்கு 888ஆம் குறளில் அவர் காட்டும் உவமை, அரத்தோடு உரசித் தேயும் பொன். 1261ஆம் குறளில் இன்னும் நெஞ்சைத் தொடும் ஒரு தேய்வு இருக்கிறது: பிரிந்துபோனவனுக்காகச் சுவரில் குறித்த நாள்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிய பெண்ணின் விரல் தேய்ந்துபோகிறது. உரசியது சுவரோடா, காலத்தோடா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி அமைந்த இடம் அது.

'தேய்' என்ற வினையோடு 'மானம்' வந்து ஒட்டியபோது சொல் கணக்குப்பிள்ளையின் மேசைக்கு ஏறியது. வருமானம், பெறுமானம், கட்டுமானம், பிடிமானம், செரிமானம் என்று அதே வால் பல வினைகளுக்கு உண்டு. சாந்திரமானம், சௌரமானம் என்பவற்றில் 'மானம்' அளவைக் குறிக்கிறது. தேய்மானத்திலும் அந்த அளவின் வாசனை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஏனென்றால் தேய்வு நடப்பது, தேய்மானம் எண்ணப்படுவது. ஒரு லட்ச ரூபாய் எந்திரத்துக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் என்று நேர்கோட்டு முறையில் கழித்தால் பத்தாம் ஆண்டு முடிவில் மதிப்பு பூஜ்யம். ஒவ்வோர் ஆண்டும் எஞ்சிய மதிப்பில் 10 சதவீதம் கழித்தாலோ, பத்தாண்டுக்குப் பிறகும் 34,868 ரூபாய் நிற்கும். இந்த இரண்டாவது கணக்கில் பொருள் ஒருநாளும் முழுதாகத் தேய்ந்து முடியாது. நிலத்துக்கோ கணக்கேட்டில் தேய்மானம் கிடையாது. ஆற்றங்கரையில் வயல் வைத்திருப்பவரிடம் இதைச் சொன்னால் ஏற்கமாட்டார். ஆனால் அவரும் "நிலம் தேஞ்சுபோச்சு" என்று சொல்வதில்லை. "ஆறு அரிச்சிட்டுப் போயிருச்சு" என்பார்.

இந்த நுட்பத்தைத்தான் நாம் கைவிட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது என் வருத்தம். அரிப்பதற்குப் பல் வேண்டும், அல்லது பல்லைப்போல் கடிக்கிற தண்ணீர் வேண்டும். அதனால் ஏட்டைச் செல் அரிக்கும், கரையைக் கடல் அரிக்கும், சொல்லாமல் விட்ட சொல் மனசை அரிக்கும். உப்பு கரையும், சேமிப்பும் கரையும். உத்தரம் உளுத்துப்போகும்; அதை உள்ளிருந்து வண்டு தின்றிருக்கும், வெளியே தெரியாது. கயிறு இற்றுப்போகும், புடவை நைந்துபோகும், இலை மக்கிப்போகும். இரும்பில் துரு ஏறும். ஒவ்வொரு சொல்லும் குறைந்த பொருளோடு, குறைத்தது யார் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. இவை அத்தனைக்கும் 'சேதமடைந்தது' என்று ஒரே சொல்லை எழுதிவிட்டால், பொருள் பாழானது மட்டும் தெரியும்; கைவரிசை யாருடையது என்பது மறைந்துவிடும்.

தேய்வது எப்போதும் துக்கமும் இல்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பானதைச் சொல்லி வருந்தும் அதே மொழிதான், எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று மெதுவாகப் படிக்கும் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுக்கிறது. அங்கே தேய்வது கல், ஜெயிப்பது எறும்பு. நிலவு தேய்வதற்குப் பதினைந்து திதி என்றால் வளர்வதற்கும் பதினைந்து. ஆனால் "உழைச்சு ஓடாத் தேஞ்சுட்டா" என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது, வளர்பிறை எதுவும் அந்த வாக்கியத்தில் இல்லை.

சொற்களும் நாவில் உரசித் தேய்கின்றன. கோயம்புத்தூர் கோவையானதையும் தஞ்சாவூர் தஞ்சையானதையும் மரூஉ என்று இலக்கணம் ஏற்றுக்கொண்டது. பேச்சில் காய்ந்து 'காஞ்சு' ஆனது, பாய்ந்து 'பாஞ்சு' ஆனது, ஐந்து 'அஞ்சு' ஆனது. அதே வழியில்தான் தேய்ந்து என்ற சொல்லும் தேய்ந்து, 'தேஞ்சு' ஆகி அம்மாவின் வாய்க்கு வந்திருக்கிறது.

எங்கள் அம்மி இப்போது பின்கட்டில் சுவரோரமாகக் கிடக்கிறது. நேற்று அதன் மேல் கை வைத்துப் பார்த்தேன். நடுவில் கண்ணாடி மாதிரி வழவழப்பு. அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். "இதைக் கடைசியா எப்பம்மா கொத்தினது?" என்று கேட்டேன்.

சற்று யோசித்தாள். "நீ அஞ்சாவது படிக்கிறப்ப" என்றாள்.