போர்ப் பதற்றமும் பொய்ச் செய்திகளும்: இணைய வதந்திகளை இந்தியா எதிர்கொள்வது எப்படி?

புதுடெல்லி: எல்லையில் மோதல் வெடிக்கும்போது சமூக ஊடகங்களில் பொய்த் தகவல்களும் வெறுப்புப் பதிவுகளும் பெருகுகின்றன. 2025 மே மாதத்தில் நிகழ்ந்த இந்தியா-பாகிஸ்தான் மோதல் இதற்குச் சான்றாகும்.

பின்னணி

ஜம்மு காஷ்மீரின் பஹல்காமில் 2025 ஏப்ரல் 22-ஆம் தேதி பயங்கரவாதிகள் நடத்திய தாக்குதலில் 26 பேர் உயிரிழந்தனர். இதற்குப் பதிலடியாக மே 7-ஆம் தேதி 'ஆபரேஷன் சிந்தூர்' தொடங்கப்பட்டது. மே 10-ஆம் தேதி சண்டை நிறுத்தம் அறிவிக்கப்படும் வரை ஏராளமான போலிக் காணொலிகள் பரவின.

பரவியவை என்ன?

குஜராத்தின் ஹசிரா துறைமுகம் தாக்கப்பட்டதாகப் பரவிய காணொலி, 2021 ஜூலையில் நேரிட்ட எண்ணெய் டேங்கர் வெடிப்பின் பதிவாகும். இந்தியா மீதான ஏவுகணைத் தாக்குதல் என்று பகிரப்பட்ட மற்றொன்று, 2020-இல் லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் நிகழ்ந்த வெடிவிபத்தைக் காட்டியது. ஏடிஎம் மையங்கள் சில நாள்கள் மூடப்படும் என்ற வதந்தியும் மக்களிடையே அச்சத்தை விளைவித்தது. கராச்சி துறைமுகம் தாக்கப்பட்டதாகச் சில இந்தியத் தொலைக்காட்சிகள் வெளியிட்ட செய்தியும் உண்மையல்ல.

சரிபார்ப்பு முறை

2019 நவம்பரில் தொடங்கப்பட்ட பத்திரிகை தகவல் அலுவலகத்தின் (பிஐபி) உண்மை சரிபார்ப்புப் பிரிவு, மத்திய அரசு தொடர்பான தகவல்களை ஆராய்ந்து மறுப்பு வெளியிடுகிறது. பொதுவாக, காணொலியின் முக்கியக் காட்சிகளைப் பிரித்தெடுத்து, அவை முன்னர் வெளியாகியுள்ளனவா என்று தேடுவதே முதல் படி. அடுத்து இடம், நேரம் ஆகியவை ஒப்பிடப்படுகின்றன. ஜலந்தரில் டிரோன் தாக்குதல் என்று பரவிய காட்சி, தாக்குதல் தொடங்குவதற்கு முன்பே பதிவானது என்பதும், அது வயல்வெளித் தீ என்பதும் இவ்வாறே தெரியவந்தன.

சட்ட நடவடிக்கை

நாட்டின் பாதுகாப்பு, இறையாண்மை, பொது ஒழுங்கு உள்ளிட்ட காரணங்களுக்காக இணையப் பதிவுகளை முடக்க, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. ஆபரேஷன் சிந்தூரின்போது 1,400-க்கும் மேற்பட்ட இணைய முகவரிகள் முடக்கப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. அதேவேளையில், 8,000-க்கும் அதிகமான கணக்குகளை முடக்குமாறு தங்களுக்கு உத்தரவிடப்பட்டதாகக் கூறிய எக்ஸ் நிறுவனம், அதில் தங்களுக்கு உடன்பாடில்லை என்றும் குறிப்பிட்டது.

உண்மை எது என்று அரசே தீர்மானிப்பதற்கும் வரம்பு உண்டு. சமூக ஊடகங்களில் அரசு குறித்து வெளியாகும் தகவல்களைப் பொய் என அடையாளம் காண, தனிப் பிரிவை ஏற்படுத்த வகைசெய்த 2023-ஆம் ஆண்டு விதித் திருத்தத்தை, 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

வெறுப்புப் பதிவுகள்

பஹல்காமில் கணவரை இழந்த பெண் ஒருவர், முஸ்லிம்களையும் காஷ்மீரிகளையும் குறிவைக்க வேண்டாம் என்று வேண்டியதற்காக இணையத்தில் வசைபாடப்பட்டார். தேசிய மகளிர் ஆணையம் இதைக் கண்டித்தது. சண்டை நிறுத்தத்தை அறிவித்த வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியும் அவதூறுக்கு உள்ளானார். சமூகங்களிடையே பகைமையைத் தூண்டுவோருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவின்கீழ் 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

எனினும், மறுப்பு வெளியாவதற்குள் பொய் பலரைச் சென்றடைந்துவிடுகிறது. எனவே, காட்சியின் மூலம், தேதி ஆகியவற்றை உறுதி செய்யாமல் பகிராதிருப்பதே மக்களுக்கான முதல் பாதுகாப்பாகும்.