இருவருக்கு எதிரே ஒருவர்

போன மாதம் ஒரு நாள் மாலை மின்சாரம் போய்விட்டது. காற்றுக்காகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பேரன் கைப்பேசியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஒரு மல்யுத்த வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். தொலைக்காட்சியில் வரும் பெரிய நிறுவனத்தின் பளபளப்பான நிகழ்ச்சி அல்ல. இங்கிலாந்தில் ஏதோ ஒரு சிறிய மண்டபம், வரிசையாக நாற்காலிகள், நூறு பேர் இருந்தால் அதிகம். நடுவில் கயிறு கட்டிய மேடை. அதில் இரண்டு பேர் சேர்ந்து ஒருவனைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டு பேரு சேந்து ஒருத்தன அடிக்கிறத ஏன் தாத்தா காசு குடுத்துப் பாக்கறாங்க?” என்று கேட்டான்.

“எல்லாம் நாடகம்டா” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். இரவு படுத்த பிறகுதான் அது பதில் இல்லை என்று உறைத்தது. நாடகம் என்றால் அந்த நாடகத்தை ஏன் பார்க்கிறார்கள்? அவன் கேட்டது அதைத்தானே! யோசித்துப் பார்த்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

இந்த வகைச் சண்டைக்கு ஆங்கிலத்தில் ஹேண்டிகேப் மேட்ச் என்று பெயர். குதிரைப் பந்தயம் பழகியவர்களுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்கும். நல்ல குதிரையின் முதுகில் கூடுதல் எடை ஏற்றி மற்றக் குதிரைகளோடு சமமாக ஓட விடுவார்கள், அதுதான் ஹேண்டிகேப். ஆக, சொல்லின்படி பார்த்தால் சுமை பலசாலிக்கு உரியது. அவனைச் சமன் செய்ய எதிரே இரண்டு பேர் வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட ஒரு பலசாலியை நான் முதலில் சந்தித்தது பள்ளிக்கூடத்தில். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு முதலில் தெரிந்த சரித்திரம் பிரான்சின் சரித்திரம்தான். நூறாண்டுப் போர்ப் பாடத்தில் கிரான் ஃபெரே என்று ஒரு விவசாயி வருவான். 1359-இல் பிக்கார்டிப் பக்கம் லோங்கேய் என்ற ஊரை ஆங்கிலேயர்கள் தாக்கினார்கள். ஊராரின் தலைவன் விழுந்துவிட்டான். ஃபெரே கோடாரியை எடுத்துக்கொண்டு இறங்கினான், எதிரிகள் சிதறி ஓடினார்கள். பிறகு வெயிலில் சண்டை போட்ட சூட்டோடு குளிர்ந்த நீரைக் குடித்து, காய்ச்சலில் படுத்தான். அவன் படுத்திருப்பது தெரிந்து பன்னிரண்டு பேர் அவனைக் கொல்ல வந்தார்களாம். படுக்கையிலிருந்து எழுந்து ஐந்து பேரைச் சாய்த்தான், மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். மறுபடியும் தண்ணீர் குடித்தான், காய்ச்சல் ஏறி இறந்துபோனான். ழான் தெ வெனெத் என்ற துறவி எழுதிவைத்த கதை இது. எங்கள் முசியே இதைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு சத்தம் இருக்காது.

ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகள் கழித்து அந்தப் பெயரை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். 1946-இல் பிரான்சில் குலோமியே என்ற ஊரில் பிறந்த ஆந்த்ரே ரூசிமோஃப். குடும்பத்துக்கு விவசாயம். வளர்ச்சிச் சுரப்பு நிற்காமல் சுரக்கும் ஒரு நோயால் அவர் உடம்பு பெருத்துக்கொண்டே போனது. 1960களின் நடுவில் பாரிசில் மல்யுத்த மேடை ஏறி, ‘ஜெயான் ஃபெரே’, அதாவது ராட்சத ஃபெரே, என்று பெயர் வைத்துக்கொண்டார். ஜப்பானுக்கும் மோன்ரெயாலுக்கும் போய், 1973-இல் நியூயார்க் நிறுவனத்தில் சேர்ந்த பிறகு உலகம் அவரை ஆந்த்ரே தி ஜயன்ட் என்று அறிந்தது. விளம்பரத்தில் அவர் உயரம் ஏழடி நான்கு அங்குலம் என்று போடுவார்கள்.

அவருக்கு எதிரே ஒருவரை நிறுத்தினால் யார் நம்புவார்கள்? அதனால் பல ஊர்களில் இரண்டு பேர், சில சமயம் மூன்று பேர் நிறுத்தப்பட்டார்கள். இருவர் தலையையும் பிடித்து மோதவிடுவார், ஒருவர் மேல் ஒருவரைப் போட்டு அதன் மேல் உட்காருவார். கூட்டம் சிரித்துக் கைதட்டும். இங்கே இரண்டு பேர் என்பது அநியாயம் இல்லை. அவருடைய பெருமையை அளக்கும் படிக்கல். ஒரே ஊரில் அதிக நாள் இருந்தால் ஜனங்களுக்குச் சலித்துவிடும் என்று அவரை ஊர் ஊராக அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 1993 ஜனவரியில், தந்தையின் அடக்கத்துக்காகப் பிரான்சுக்கு வந்த இடத்தில், பாரிசில் ஓட்டல் அறையில் தூக்கத்தில் இறந்தார். வயது 46.

ஆனால் பேரன் காட்டிய வீடியோவில் தனியாக நின்றவன் ராட்சதன் இல்லை. ஒல்லிப் பையன். இது இரண்டாவது வகை. இதன் கதையும் பிரான்சில் உண்டு. அங்கே இந்த ஆட்டத்துக்குப் பெயர் ‘காட்ச்’. 1930களில் இது பிரான்சில் வேரூன்றியது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய ஆன்ரி தெக்லான் கூடப் பிறகு இந்த மேடைக்கு வந்தவர்தான். சினிமா பார்ப்பவர்களுக்குத் தெரிந்த லினோ வென்துரா, நடிகர் ஆவதற்கு முன் காட்ச் வீரர். 1950, 60களில் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் இதற்குப் பெரிய கூட்டம். வெள்ளை முகமூடி அணிந்த ‘வெள்ளைத் தேவதூதன்’ ஒருவர், முகமூடியோடு ‘பெத்யூன் ஊர்த் தண்டனைக்காரன்’ ஒருவர் என்று நம் தெருக்கூத்து போலவே வேஷங்கள்.

அதில் ‘நான்கு பேர் காட்ச்’ என்று உண்டு. இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர். மேடையில் ஒரு சமயத்தில் பக்கத்துக்கு ஒருவர்தான் நிற்க வேண்டும். மூலையில் நிற்கும் கூட்டாளியின் கையைத் தொட்டால்தான் ஆள் மாறலாம். ஆனால் பொல்லாத ஜோடி என்ன செய்யும்? நல்லவனைத் தங்கள் மூலைக்கு இழுத்துக்கொண்டு போகும். அவன் கூட்டாளி பொறுக்காமல் உள்ளே நுழைவான். நடுவர் அவனைத் தடுத்து வெளியே தள்ளத் திரும்புவார். அவர் முதுகு திரும்பிய அந்த நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஒருவனை மிதிப்பார்கள். மண்டபம் முழுவதும் “பின்னால பாரு, பின்னால பாரு” என்று கத்தும். நடுவர் திரும்பும்போது ஒருவன் ஒன்றும் அறியாதவன்போல் மூலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ரசிகனின் ரத்தம் கொதிப்பது அடி விழும்போது அல்ல, இந்த இடத்தில்தான்.

ரோலான் பார்த் என்ற அறிஞர் 1957-இல் வெளியிட்ட ‘மிதோலோஜி’ நூலின் முதல் கட்டுரையே காட்ச் பற்றியது. இது விளையாட்டு அல்ல, காட்சி என்கிறார். குத்துச்சண்டையில் யார் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டலாம், இதில் கட்டுவதில் அர்த்தமில்லை. யார் ஜெயிப்பார் என்பதை விட, செய்தவன் தண்டனை அனுபவிக்கிறானா என்பதே ரசிகனுக்கு முக்கியம். கெட்டவன் விதிகளை மீறுவான், தனக்கு ஆபத்து வரும்போது அதே விதிகளின் பின்னால் ஒளிவான். அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இதைப் படித்தால் யாராவது ஒருவர் முகம் நினைவுக்கு வரும்.

எனக்கும் வந்தது. 1980களில் நான் யு.டி.சி.யாக இருந்த ஓர் அலுவலகம். எங்கள் பிரிவில் டெஸ்பாட்ச் பார்த்த இளைஞர் ஒருவர், வாயில்லாப் பூச்சி. ஒரு கோப்பு காணாமல் போனது. அவருக்கு மேலே இருந்த இருவர் சேர்ந்து பழியை அவர் மேல் போட்டார்கள். கோப்பு கடைசியாக யார் மேசையில் இருந்தது என்பது எனக்குத் தெரியும், பிரிவில் இன்னும் சிலருக்கும் தெரியும். விசாரணையில் என்னையும் கேட்டார்கள். நான் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, “சரியா ஞாபகம் இல்லீங்க, சார்” என்றேன். அவருடைய ஊதிய உயர்வை நிறுத்தி, யானத்துக்கு மாற்றினார்கள். போகும் நாளில் எல்லோரிடமும் போல என்னிடமும் சொல்லிக்கொண்டு போனார்.

இத்தனை நாள் நான் அந்த இருவரைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வீடியோ பார்த்த இரவில்தான் தெரிந்தது, அன்று முதுகைத் திருப்பிக்கொண்ட நடுவர் நான் என்று. மேடையில் இருக்கும் நடுவர் நடிப்புக்காகத் திரும்புகிறார். அவர் திரும்பினால்தான் கதை நடக்கும். இன்னொன்றும் கவனியுங்கள். மேடையில் அந்த இருவரும் ஒருவனைத் தூக்கிப் போடும்போது அவன் கழுத்து மடங்காமல் தாங்கித்தான் போடுகிறார்கள். மூவரும் ஒருவரை ஒருவர் நம்பித்தான் அந்த வேலை நடக்கிறது. எங்கள் அலுவலகத்தில் அவரைத் தாங்கி இறக்க யாரும் இல்லை.

சிறிய மண்டபங்களில் இந்த ஆட்டம் எடுபடுவதற்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். பெரிய நிறுவனம் ஒரு பகையை வாரக்கணக்கில் தொலைக்காட்சியில் வளர்த்துக் காட்டலாம். சின்னக் குழுவுக்கு அந்த வசதி இல்லை. முன்பின் தெரியாத மூன்று பேரை மேடையேற்றி, இருவரை ஒரு பக்கமும் ஒருவனை மறுபக்கமும் நிறுத்தினால் போதும். யார் பக்கம் நிற்பது என்று பார்ப்பவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்ற இடங்களில் கண்டும் காணாமல் வந்தவனுக்கு அங்கே வாய்விட்டுக் கத்த ஒரு இடம் கிடைக்கிறது.

மறுநாள் பேரனைக் கூப்பிட்டு அதே வீடியோவை மறுபடி போடச் சொன்னேன். “அடிக்கிறவன பாக்காத, நடுவர பாரு” என்றேன். ஒல்லிப் பையன் மூலையில் மாட்டிக்கொண்ட இடத்தில் நான் என்னை மறந்து “பின்னால பாருய்யா!” என்று கத்திவிட்டேன். என்னமோ ஏதோ என்று மருமகள் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.