கே. ராமானுஜத்தின் பெயரில் ஓர் அறநிதி: நோக்கமும் விதிகளும்

முன்னுரை

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையை எட்டினால் ஈஞ்சம்பாக்கம் வருகிறது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் அங்கே நிறுவிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் வாழ்ந்தவர் ஓவியர் கே. ராமானுஜம். மனநோயோடு வாழ்ந்த அவர், முப்பதுகளின் தொடக்கத்தில், 1973இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இத்தகைய கலைஞர் ஒருவரின் பெயரால் அறநிதி அமைப்பதாயின் அது எதற்குப் பணம் தர வேண்டும்? வாழ்க்கைச் செலவைத் தாங்குவதே அதன் முதற்கடமை, நோய்ச் சான்று அதற்கு நிபந்தனையாகக் கூடாது என இக்கட்டுரை வாதிடுகிறது.

நோயும் கலையும்

ராமானுஜத்தின் பேனா மை ஓவியங்களில் குறுங்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி இருளை உண்டாக்குகின்றன. அவ்விருளிலிருந்து குவிமாட மாளிகைகளும் பாம்புகளும் சிறகு முளைத்த உருவங்களும் எழுகின்றன. இடையே தொப்பி அணிந்த ஓவியரே உலவுகிறார். இவற்றை நோயின் வெளிப்பாடாக மட்டும் வாசிப்பது பிழை. கோட்டடர்த்தியைத் தாள் முழுதும் குலையாமல் காப்பது பயிற்சியால் வருவது. அவர் சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர். கன்னிமரா ஹோட்டலுக்குப் பெரிய அளவில் ஓவியம் தீட்டித் தந்ததும் தொழில்முறை ஒழுங்குக்குச் சான்று. நோயே கலைக்கு ஊற்று என்பது, உழைத்தவரின் பெருமையை நோயின் கணக்கில் எழுதுவதாகும்.

கூட்டுவாழ்வின் எல்லை

பாட்டிக் முதலிய கைவினைப் பொருள்களை விற்ற வருவாயே சோழமண்டலத்துக்கு அடித்தளம். ஓவியம் விலைபோகாத காலத்திலும் கலைஞர் பிழைக்க அது வழிசெய்தது. ஆனால் கை ஓடினால்தான் கைத்தொழில் காசு தரும். நோய் முற்றி வாரக்கணக்கில் வேலை நின்றுபோகிறவருக்கு இந்த ஏற்பாடு போதாது. சிகிச்சை வசதியும் அன்று குறைவு. டாக்டர் எம். சாரதா மேனன் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ மனநல அமைப்பு 1984இலும், ‘தி பேனியன்’ 1993இலும்தான் சென்னையில் உருவாயின. இன்று அவை இருக்கின்றன. எனினும் மாத்திரையும் ஆலோசனையும் பெறுபவருக்கு வீட்டு வாடகை தருவது யார் என்ற கேள்வி நிற்கிறது.

முன்னுதாரணங்கள்

சுவிட்சர்லாந்தின் அடால்ஃப் வோல்ஃப்லி 1895 முதல் 1930இல் இறக்கும்வரை வால்டாவ் மனநல மருத்துவமனையில் இருந்து வரைந்தவர். 1975இல் பெர்ன் நகரக் கலை அருங்காட்சியகத்தில் அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளை அவருடைய படைப்புகளைக் காத்துவருகிறது. அது போற்றத்தக்க பணியே. ஆயினும் இறந்தவரின் தாள்களுக்குத்தான் அது உதவும். மாறாக, ஓவியர் வான்கோவைப் பத்தாண்டு வரையவைத்தது தம்பி தியோ தவறாமல் அனுப்பிய பணம். சோழமண்டலத்திலேயே வாழ்ந்த ஓவியர் அர்னவாஸின் நினைவாக, அவருடைய கணவர் எஸ்.ஜி. வாசுதேவ் அமைத்த அறக்கட்டளை ஓவிய மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. வாழ்பவருக்குக் கொடுப்பதே நினைவுகூரல் என்பதற்கு உள்ளூர்ச் சான்று அது.

நிதியின் விதிகள்

முதலாவது, உதவி மாதந்தோறும் செல்ல வேண்டும். படைப்பு வராத மாதத்தில் அது நிற்கக் கூடாது. இரண்டாவது, நோய் விவரம் கேட்கக் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் உள்ளடக்கியது. ஆனால் அரசு உதவிக்குச் சான்றிதழ் தேவை. வெளியே தெரிந்துவிடுமோ என்று சான்றிதழ் வாங்கத் தயங்குவோரையும் இந்நிதி எட்ட வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நோயாளியின் தகவல் காக்கப்படுவதை உரிமையாக்கியிருக்கிறது. தனியார் அறநிதியும் அந்நெறியைத் தன் விதியாக்கிக்கொள்ளலாம். சான்று கேட்காவிட்டால் பொய்க் கோரிக்கைகள் குவியும் என்று மறுப்போர் உண்டு. விண்ணப்பதாரர் தாமே தேர்ந்த கலைஞர் ஒருவரும் சமூகப் பணியாளர் ஒருவரும் அவருடைய தேவைக்குச் சாட்சி சொன்னால் போதும். மூன்றாவது, கடற்காற்றின் ஈரத்தில் தாள் ஓவியம் விரைவில் பூஞ்சை பிடிக்கும். ஆகவே பாதுகாப்புச் செலவுக்கும் ஒரு பங்கு வேண்டும். அது வாழ்க்கைச் செலவுக்கு அடுத்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

முடிவுரை

ஆண்டுக்கொரு பரிசும் பொன்னாடையும் ஒருவரை ஒருநாள் மேடையேற்றும். மறுநாள் அவர் எதைச் சாப்பிடுவார் என்று கேட்காது. ராமானுஜத்தின் பெயரில் நிதி திரட்ட முன்வருவோர், விழாச் செலவை ஒதுக்கும் முன் ஒரு கலைஞருக்காவது பன்னிரண்டு மாத வாடகை, மருந்து, தாள், மை ஆகியவற்றுக்குரிய தொகையை வங்கியில் போட்டுவைக்கட்டும்.