போனட் கம்பிக்குப் பதில் கேஸ் ஸ்ட்ரட்: கவனிக்க வேண்டியவை

பெரோடுவா மைவி போன்ற கார்களில் திறந்த போனட்டை ஒரு கம்பியே தாங்குகிறது. அதற்குப் பதிலாகச் சிலர் கேஸ் ஸ்ட்ரட் பொருத்துகின்றனர். அழுத்தப்பட்ட நைட்ரஜன் வாயு அதன் தண்டை வெளியே தள்ளி போனட்டைத் தூக்கிப் பிடிக்கிறது. உள்ளிருக்கும் எண்ணெய் வேகத்தை மட்டுப்படுத்துகிறது.

காரின் மாடலுக்கென்றே தயாரான செட்டை வாங்குவது நல்லது. நியூட்டன் அளவில் குறிக்கப்படும் விசை மிகுந்தால் போனட் வளையக்கூடும், குறைந்தால் நிற்காது. பொருத்தி முடிக்கும்வரை பழைய கம்பியே போனட்டைத் தாங்கியிருக்கட்டும். மூடிய நிலையில் தண்டு கீழ்நோக்கி இருந்தால், எண்ணெய் சீலை நனைத்து வாயுக் கசிவைத் தடுக்க உதவும். முதன்முறை மெதுவாக மூடி, எதிலும் இடிக்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

நாளடைவில் வாயு குறையும். போனட் தலையிலோ கையிலோ விழலாம். எனவே பழைய கம்பியை எறிந்துவிடாமல் காரிலேயே வைத்திருப்பது பாதுகாப்பு. பழுதான ஸ்ட்ரட்டை வெட்டவோ நெருப்பில் போடவோ கூடாது.